தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்துக்கு ஒரு செடி

எங்கள் மகள் பதினோரு நாள் இருந்தாள். முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். அதனால் அவளுக்குப் பெயர் இல்லை. மருத்துவமனைத் தாள்களில் என் மனைவியின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘குழந்தை’ என்று சேர்த்திருந்தார்கள்.

பச்சைக் குழந்தையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். தகப்பன்தான் கையில் கொண்டுபோக வேண்டும். மைத்துனரின் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்து, வெள்ளைத் துணியில் சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சிக்னல்களில் கார் நிற்கும்போதெல்லாம் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், அவள் ஆடிவிடக் கூடாதென்று. மயானத்தின் பின்சுவரை ஒட்டிப் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. காவலுக்கு இருக்கும் அண்ணன் முன்பே குழி தோண்டி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மண்மேடு என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கி அளவுதான் இருந்தது.

புறப்படும் முன்பே அம்மா சொல்லியிருந்தார்: “கல்லு கில்லு ஒண்ணும் வைக்காத. திரும்பிப் பாக்காம வந்துரு. அடையாளம் வச்சா அங்கயே நின்னுரும்பா. மறுபடி நம்மகிட்ட வராது.”

அம்மா பள்ளிக்கூடம் போனவரல்ல. பல விஷயங்களில் அவரோடு நான் வாதாடுவேன். அன்று வாதாடவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அடக்கத்தின்போது பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கம் இல்லையாதலால் அந்த இடத்தை என் மனைவி பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், பால் கட்டிய வலியில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“எந்த எடம்?”

“பின்சுவர்லருந்து மூணாவது மேடு.”

“மேடு கரைஞ்சுருச்சுன்னா?”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அது பெய்யும் மாதம்தான்.

“கல்லுதானே வைக்கக் கூடாது,” என்றாள். “செடி வைக்கலாம்ல. செடின்னா அதுபாட்டுக்கு மொளச்சதுன்னு இருக்கும். அத்தைக்குச் சொல்ல வேணாம்.”

இப்படித்தான் நான் செடி தேடப் போனேன். அதுவரை ஒரு துளசிகூட வளர்த்ததில்லை. ஜெலுத்தோங்கில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு மண் எங்கே இருக்கிறது? ஆனால் எனக்குத் தெரியாத எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவன் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். சின்ன வயதிலிருந்தே, வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும், “நீதான் படிச்சவன், பாரு” என்று என் கையில் கொடுப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அநேகமாகச் சரியாகவே பார்த்திருக்கிறேன்.

பிறையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இடைவேளைகளில் கைப்பேசியில் படித்தேன். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு, அதிகம் கவனிப்பு வேண்டாத, ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிகள் என்று ஏகப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. அத்தனையும் அன்பாக எழுதப்பட்டவை. பயப்படாதீர்கள், இந்தச் செடி உங்களை மன்னித்துவிடும் என்றுகூட ஒன்றில் இருந்தது. வேலையிடத்தில் பழக்கமாகிவிட்டபடி ஓர் அட்டவணை போட்டேன்: வெயில், தண்ணீர், மண், ஆயுள், உயரம். ஆறாவது கட்டம் ஒன்று போட்டிருக்க வேண்டும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் பக்கங்களெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை என்பது தெரியாமல் இல்லை. பனிக்கடியில் ஆறு மாதம் கிடந்து மறுபடி துளிர்க்கிற செடி எங்கள் மழைக்கா பயப்படப் போகிறது என்று நினைத்தேன். பேரங்காடியில் கேமரன் மலையிலிருந்து வந்த லாவெண்டர் தொட்டிகள் இருந்தன. வறண்ட மண் போதும், உரம் வேண்டாம் என்று படித்திருந்தேன். ஒன்றை வாங்கிப் போய் நட்டேன். ஒன்பது நாள் கழித்துப் போனபோது அடித்தண்டு கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது. வேர் அழுகியிருந்தது. மனைவியிடம், “நல்லா இருக்கு” என்று சொன்னேன். அது முதல் பொய்.

அடுத்து சுங்கை ஆரா பக்கம் சாலையோரத்தில் இருக்கும் ஒரு நாற்றுக் கடைக்குப் போனேன். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர் நம் ஆள், ஐம்பது வயதிருக்கும்.

“அண்ணே, ரொம்ப கவனிக்க வேண்டாத செடி ஒண்ணு வேணும்.”

“வெயில் எப்படி?”

“நாள் முழுக்க வெயில்தான்.”

“தண்ணி யாரு ஊத்துவா?”

“யாரும் இல்ல.”

குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “மாசத்துக்கு ஒருவாட்டியாச்சும்?”

“சொல்ல முடியாது அண்ணே.”

“தம்பி, பிளாஸ்டிக் பூ அந்தப் பக்கம் சீனன் கடையில இருக்குலா. மழையில சாயம் போகும், அவ்ளோதான்.” உள்ளே இருந்த ஒரு பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். “எங்க வைக்கப் போறீங்க, சொன்னாத்தானே தெரியும்?”

“வீட்டுக்கு முன்னால,” என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்ததற்காக வருத்தப்பட்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சொல்லியிருந்தால் சரியான செடியையும் கொடுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

சிவப்பு இட்லிப்பூச் செடி ஒன்றைக் கொடுத்தார். “இது சாவாது. நீங்களா கொன்னாத்தான் உண்டு.” அவர் சொன்னது சரி. அது ஏழு வாரம் நின்றது, இரண்டு கொத்து பூத்தது. தீபாவளிக்கு முன் மயானத்தைச் சுத்தம் செய்ய ஆள் வந்தபோது புல் வெட்டும் மெஷினில் போய்விட்டது. விரல் நீளத்துக்கு ஒரு குச்சி மட்டும் நின்றது. மேடும் அதற்குள் தரையோடு தரையாகியிருந்தது. அந்தக் குச்சியை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் கேட்டேன்.

“மெஷினுக்குக் கண்ணா இருக்கு?” என்றார். “கல்லு இருந்தா சுத்திப் போவான். ஒண்ணும் இல்லாத எடத்துல அவன் என்ன செய்வான், சொல்லுங்க. புல்லுன்னு நெனச்சிருப்பான்.” கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது, “மறுபடி வைங்க தம்பி, நான் பாத்துக்கச் சொல்றேன்” என்றார். ஆனால் மெஷின்காரர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள், பாதிப் பேருக்கு நம் பாஷை தெரியாது.

அந்தக் குச்சி துளிர்க்கவில்லை. என் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: வெட்டினாலும் வருமா?

தினமும் கடற்பாலத்தைத் தாண்டிப் பிறைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன் நான். பதில் கண்ணெதிரே இருந்தது. நெடுஞ்சாலைச் சரிவுகளிலும், லாரிகள் நிற்கும் இடங்களிலும், எங்கள் தொழிற்சாலைக் கால்வாய் ஓரத்திலும் மஞ்சள் பூக்களோடு தரையில் படர்ந்து கிடக்கும் கொடி. மஞ்சள் கரிசலாங்கண்ணி போலிருக்கும், ஆனால் அதைவிட முரடு. வெடேலியா என்று பெயர். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. லாரிப் புகை, வெயில், எண்ணெய்த் தண்ணீர் எதற்கும் அசைவதில்லை. மாதமொருமுறை வெட்டுகிறார்கள். பத்து நாளில் மறுபடி பச்சை. வெளிநாட்டுக்காரர்களின் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளூர்ச் சாலையைப் பார்த்திருந்தால் போதும் என்று என்மேல் எனக்கே கோபம் வந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் வந்தது, பரீட்சையில் விடை தெரிந்தது மாதிரி.

கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு கை நிறைய ஒடித்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, வண்டிக் கூடையில் வைத்துக் கொண்டுபோய் மயானத்தில் நட்டேன். ஒவ்வொரு கணுவும் மண்ணில் பட்டால் வேர் விடும் என்று படித்தேன். அதை ஒரு நல்ல குணமாகத்தான் படித்தேன்.

மூன்று வாரத்தில் அந்த இடம் மூடிவிட்டது. ஐந்தாவது வாரம் பூத்தது. அப்போதுதான் மனைவியை அழைத்துப் போனேன், அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு ஞாயிறு காலை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. குனிந்து ஒரு பூவின் மேல் ஊர்ந்த எறும்பை ஊதிவிட்டாள்.

“நல்லாத்தான் வச்சிருக்கீங்க,” என்றாள். “மஞ்ச சட்டை போட்ட மாதிரி இருக்கா.”

கைப்பேசியில் படம் எடுத்தாள். பத்துப் பதினைந்து படம். எல்லாம் பூவுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது.

அதன்பின் மூன்று முறை போனோம். அந்த மாதங்களில் அவள் கொஞ்சம் சாப்பிடத் தொடங்கினாள். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு வந்தாள், அங்கே பிறர் பிள்ளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். போக ஓர் இடம் இருந்தால் மற்ற இடங்களுக்கும் போக முடிகிறது போலும். இதைச் செய்தது நான் தேர்ந்தெடுத்த ஒரு செடி என்று எனக்குப் பெருமை இருந்தது.

பிறகு அவள் மறுபடி கர்ப்பமானாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அவளும் போகக் கூடாது, நானும் போகக் கூடாது. அம்மா சொன்னார், அவள் அம்மாவும் சொன்னார். இந்த முறை நாங்கள் இருவருமே எதையும் மீறத் துணியவில்லை. அதனாலென்ன, கவனிப்பு வேண்டாத செடிதானே, இதற்காகத்தானே தேடினோம் என்று அவளுக்குச் சொன்னேன். ஏழு மாதம் போகவில்லை.

எட்டாவது மாதத்தில் காவல் அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, உங்க செடி சொவரு வரைக்கும் போயிருச்சு. அந்த மூலையே தெரியல. கமிட்டியில சத்தம் போடுறாங்க. மருந்தடிக்கப் போறாங்களாம். பிள்ளைங்க மேல மருந்து வேணாம்னு நான்தான் சொன்னேன். நீங்களே வந்து எடுத்துருங்க.”

மனைவியிடம் சொன்னேன். “போய்ட்டு வாங்க. வாசல்லயே கை கால் கழுவிட்டு, நேரா போய்க் குளிச்சுரணும். வாசல்ல தண்ணி எடுத்து வைக்கிறேன்.” பிறகு, “நம்ம எடத்துல இருக்கறத மட்டும் விட்டுருங்க. ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

போய் நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மூலை முழுவதும், சுவரிலிருந்து நடைபாதை வரை, முழங்கால் உயரத்துக்கு ஒரே பச்சை, ஒரே மஞ்சள். அழகாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்சுவரிலிருந்து மூன்றாவது என்று எண்ணினேன். எதை எண்ணுவது? மேடு ஒன்றுகூட இல்லை. என் செடி எங்கே தொடங்கியது என்று சொல்லும்படி அதில் எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரிதான் வேர் விட்டிருந்தது. தாய்க்கொடியைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே தாய்க்கொடி மாதிரி இருந்தது.

சரி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மேடு தெரியும் என்று முடிவு செய்தேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன். சுவரோரமாகத் தொடங்கி, வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். கொடிக்கடியில் நிறையக் குப்பை இருந்தது. உடைந்த ஓடு, கவிழ்த்து வைத்த பால் டின், ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணம், கண்ணாடி வளையல் துண்டுகள், சிப்பி. மண்வெட்டியில் சிக்காமல் இருக்க அவற்றையெல்லாம் பொறுக்கிக் கறுப்புப் பையில் போட்டேன். சிலதில் செடி இறுகப் பின்னியிருந்தது, இழுத்துப் பிய்த்துப் போட்டேன். பதினொரு மணிக்குள் முக்கால்வாசி வெறும் மண்ணாகிவிட்டது.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு இருந்தார், சட்டைப் பையின் மேல் மாக் மண்டின் என்று ஊர்ப்பெயர் தைத்திருந்தது. கையில் ஒரு சின்னப் பால் பாக்கெட்.

“கவுன்சில் ஆளா தம்பி?”

“இல்லக்கா.”

“அப்பாடா, யாராச்சும் வந்தீங்களே. போன மாசம் வந்து தேடித் தேடிப் பாத்துட்டுப் போயிட்டேன். எந்த மடையன் இதக் கொண்டாந்து நட்டான்னு தெரியல. ரோட்டோரத்துல கெடக்கறது, இங்க வைப்பாங்களா யாராச்சும்?” பேசிக்கொண்டே வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தார். “நீல ஓடு ஒண்ணு இருந்துச்சா? பாத்ரூம் ஓடு. பாதி.”

நான் பையைப் பார்த்தேன்.

“கல்லு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க எங்க வீட்ல,” என்றார். “அதான் ஓடு வச்சேன். ஓடு கல்லு இல்லல்ல. இங்க எல்லாரும் அப்படித்தான். அந்தக் கடைசியில ஒருத்தவங்க பால் டின் வச்சிருந்தாங்க. கிண்ணம் வச்சவங்கள நான் பாத்திருக்கேன், பட்டர்வொர்த்லருந்து வருவாங்க.”

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கல் கூடாது என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி யோசித்திருக்கிறாள். கல் இல்லாத ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து, யாருக்கும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர்கள் வைத்ததெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் வைத்தது மட்டும்தான் நகர்ந்தது.

பையைத் திறந்து நீல ஓட்டை எடுத்துக் கொடுத்தேன். மண்ணைத் துடைத்துப் பார்த்தார்.

“இதான்,” என்றார். “எங்க இருந்துச்சு?”

“தெரியலக்கா.”

“எடுத்தீங்கல்ல?”

“குப்பைன்னு நெனச்சு எல்லாத்தயும் போட்டுட்டேன்.” அப்புறம் அதையும் சொன்னேன். “அந்தச் செடிய நட்டது நான்தான்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னைப் பார்த்தார், வெட்டிய மண்ணைப் பார்த்தார்.

“உங்களோடது எங்க?”

“அதுவும் தெரியல.”

வெயில் ஏறியிருந்தது, அங்கே நிழல் இல்லை. பிறகு அவர் ஓட்டைக் கையில் வைத்தபடி நாலைந்து அடி போனார், நின்றார், இன்னும் இரண்டு அடி வலப்பக்கம் போனார், நின்றார். “இங்கதான் இருக்கும்,” என்றார், என்னைக் கேட்பது மாதிரி. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஓட்டை வைத்து, பாலை ஊற்றினார். மண் உடனே குடித்துவிட்டது.

“நீங்களும் ஒரு எடத்தப் பாத்துக்குங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டின், கிண்ணம், சிப்பி எல்லாவற்றையும் கழுவிச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். வந்து பார்க்கிறவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொள்ளட்டும் என்று. எடுத்து எங்கே வைப்பது என்பது அவர்களுக்கும் தெரியப்போவதில்லை. புதிதாகச் செடி வைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ஒரு செடி சாகாது என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு தூரம் போகும் என்று கேளுங்கள். என் அட்டவணையில் அந்தக் கட்டம் இல்லை. பரீட்சையில் எண்பத்தைந்து மதிப்பெண் வாங்கிப் பழகிய ஆள் எழுதிய அட்டவணைதான் அது. பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறைகூட அதில் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் வீட்டு வாசலில் வாளித் தண்ணீர் இருந்தது. கை கால் கழுவி, உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தேன். அவள் நாற்காலியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

“போட்டோ?”

காட்டினேன். வெறும் மண்.

“எல்லாத்தயும் எடுத்துட்டீங்களா?”

“ம்.”

“எது நம்மளது?”

ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள்.

“நான் உக்காந்தப்ப சொவரு என் எடது கைப் பக்கம் இருந்துச்சு,” என்றாள்.

“பின்னால இருந்துச்சு.”

“இல்ல. எடது பக்கம். வெயில் மூஞ்சியில அடிச்சுது.”

அவள் எடுத்த பழைய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பூ, பூ, பூ. ஒன்றில் எறும்பு. ஒன்றில்கூடச் சுவர் இல்லை.

“உங்களுக்குத் தெரியல, இல்ல?” என்றாள்.

தெரியாது என்றேன். அவள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சாப்பாடு எடுத்து வைத்தாள், நான் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

மண்ணுக்குள் விட்டுப்போன துண்டுகளெல்லாம் பத்து நாளில் மறுபடி துளிர்த்துவிட்டதாகக் காவல் அண்ணன் செய்தி அனுப்பினார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பிடுங்குகிறேன். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, என்னோடு பேசுவதில்லை. ஒவ்வொரு துளிரையும் பிடுங்கும்போது, இதற்கு அடியில்தானோ என்று ஒருமுறை கை நிற்கிறது. பிறகு பிடுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.